இடது கால் இழுபடும் தடம்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் ரகரம், எந்த இடத்தில் றகரம் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். றெஸ்ரோரன்ட் குசினியில் கோப்பை கழுவிக் கழுவி விரல்கள் தடித்துப்போய்விட்டன. பேனையைப் பிடித்தால் வரி தானாகச் சரிந்துகொண்டு போகிறது. வாயால் சொல்லக்கூடிய ஆளாக இருந்தால் யாரிடமாவது சொல்லிவிட்டு ஆறியிருப்பேன். ஆனால் நாலு பேர் நிற்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

நான் எழுதப்போவது எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனையும் அவருடைய மகனையும் பற்றி. பெயர்களை எழுத மாட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் பெதூயின் இனத்தவர். குவைத்துப் பக்கத்துப் பாலைவனத்தில் ஆடும் ஒட்டகமும் மேய்த்த குடும்பம். பிறந்த நாடு அவர்களைத் தன் ஆட்கள் என்று ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லையாம். அவர்கள் வழக்கத்தில், மூத்த மகன் பிறந்ததும் தகப்பனின் சொந்தப் பெயர் பின்னுக்குப் போய்விடும். 'இன்னாரின் தகப்பன்' என்று மகனின் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆகவே அவர் பெயரை எழுதினால் அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுத வேண்டும். அதற்கு என் கை இன்னும் துணியவில்லை.

நாங்கள் சந்தித்த இடம் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் லாச்சப்பல். மெத்ரோ ரயில் தலைக்கு மேலே பாலத்தில் ஓடும். பாலத்துக்குக் கீழே, மூலையில், காலையில் ஒரு வெள்ளை மினிபஸ் வந்து நிற்கும். எங்களுடைய பிள்ளைகளைப் போன்றவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்து பஸ் அது. என் மகனுக்குப் பேச்சு வராது. ஓட்டிசம் என்று டொக்டர்கள் சொன்னார்கள். குதிக்காலை நிலத்தில் வைக்காமல் நுனிக்காலால் நடப்பான். மனைவி விடியவே கந்தோர்களைத் துப்புரவாக்கப் போய்விடுவதால், மகனைப் பஸ்சில் ஏற்றுவது என் வேலை. எனக்கு வேலை மத்தியானத்துக்குப் பிறகுதான்.

முதல்நாள் அந்த மூலையில் அவரைக் கண்டபோது, அவரும் அதே பஸ்சுக்குத்தான் நிற்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மற்றத் தகப்பன்மார் பிள்ளையின் விரலைப் பிடிப்பார்கள். நாங்கள் மணிக்கட்டைப் பிடிப்போம். விரலென்றால் உருவிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அவருடைய மகனுக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயதிருக்கும். தகப்பனளவு உயரம். தகப்பனைவிட அகலம். அந்தப் பெரிய பொடியனின் மணிக்கட்டைப் பிடித்தபடி இந்த மெலிந்த மனிதர் நின்றார். அவர் என் கையைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். அவ்வளவுதான் எங்கள் அறிமுகம்.

எங்கள் இரண்டு பேரின் பிரெஞ்சும் சொத்திப் பிரெஞ்சு. அதை அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. அதனால் அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் என் வாயில் வருகிற தமிழிலேயே எழுதுகிறேன். அவர் என்னை 'அகி' என்பார். அவர்கள் மொழியில் சகோதரன் என்று அர்த்தம். நான் அவரை அண்ணை என்பேன்.

எனக்குப் பேச்சு வராது என்பது அவருக்குப் பெரிய பகிடி.

"அகி, உன்ரை மகனுக்குக் கதை வராது எண்டு டொக்டர் சொன்னவர். உனக்கு வராது எண்டு எந்த டொக்டர் சொன்னவர்?"

நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு நிலத்தைப் பார்ப்பேன்.

"பார், இப்பவும் நிலத்தைத்தான் பாக்கிறாய். அதிலை என்ன கிடக்கு? இந்த ஊர் நிலம் ஊமை. உன்னை மாதிரி."

அதை அவர் அடிக்கடி சொல்வார். பாரிஸ் நிலத்தில் அவருக்கு இருந்த ஒரே கோபம் அதுதான். அவர் பிறந்த இடத்தில் மணலைப் பார்த்தாலே யார் போனார்கள், எந்தப் பக்கம் போனார்கள், களைத்துப் போனார்களா, சுமை வைத்திருந்தார்களா என்று சொல்லிவிடுவார்களாம். ஒவ்வொரு வீட்டுக்காரரின் தடமும் மற்றவர்களுக்குத் தெரியுமாம், முகம் தெரிவதுபோல. தகப்பன் இல்லாத நேரத்தில் யார் வந்து போனார் என்று தாயிடம் கேட்க வேண்டியதே இல்லையாம்.

"அங்கை ஒருத்தர் துலையிறதெண்டால் கஷ்டப்பட வேணும்," என்பார். "இஞ்சை கையை விட்டால் போதும்."

அவருடைய மகன் ஏற்கெனவே கை நழுவி ஓடியிருக்கிறான். ஒருமுறை மெத்ரோவில் ஏறி எங்கேயோ போய், ஸ்ரேஷன் ஆட்கள் பிடித்துவைத்திருந்தார்கள். இன்னொருமுறை ஒரு பேக்கரிக்குள் போய்ப் பாணைத் தின்றுகொண்டிருந்தானாம். இப்படியான பிள்ளையை வைத்திருக்கும் தகப்பனுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை என்ன படிப்பான், என்ன வேலை செய்வான் என்பதெல்லாம் பிறகு. கை நழுவக்கூடாது. நித்திரையிலும் என் வலது கை எதையோ பிடித்தபடிதான் இருக்கும் என்று மனைவி சொல்வாள்.

மகனின் பெயரால் கூப்பிடும் வழக்கத்தைப் பற்றியும் அவர்தான் சொன்னார். மூத்தவன் இப்படியான பிள்ளை என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் கூடி, அடுத்ததும் ஆண் பிறக்கட்டும், அவன் பெயரால் உன்னைக் கூப்பிடுகிறோம் என்று ஆறுதல் சொன்னார்களாம். பிறகு பிறந்த இரண்டும் பெண்கள்.

"ஆம்பிளை பிறந்திருந்தாலும் நான் பேரை மாத்தியிருக்க மாட்டன். நான் இவன்ரை தகப்பன். அதுதான் என்ரை பேர். எனக்கு வேறை பேர் இல்லை."

அப்போது அவருடைய மகன் தலையை ஆட்டியபடி பாலத்தில் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரயில் வந்தால் அதன் சத்தத்துக்கு ஏற்றமாதிரி அடித்தொண்டையால் ஒரு ம்... என்ற சத்தம் போடுவான். ரயில் போய் முடியும்வரை அது நிற்காது.

ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளைப் பார்க்கும் பெண் ஒருவர் எங்களை வட்டமாக இருத்திவிட்டுச் சொன்னார்: ஒரேயொரு பழக்கத்தைத் தெரிவு செய்யுங்கள், வீட்டில் அதை மட்டும் பழக்குங்கள், அவசரப்பட வேண்டாம். பிரெஞ்சுக்காரப் பெற்றோர் ஒருவர் பல் தீட்டுவது என்றார். இன்னொருவர் முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவது என்றார். என் முறை வந்தபோது வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைப்பது என்றேன். என் குரல் கேட்கவில்லை போல, திரும்பச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு அடுத்து இருந்த அண்ணை சிரித்துவிட்டார்.

"என்ரையை இவன் சொல்லிப்போட்டான்," என்றார். "எனக்கும் அதேதான்."

வெளியே வந்தபிறகு விளக்கம் சொன்னார். கூடாரத்துக்குள் விரித்த விரிப்பில் சப்பாத்தோடு ஏறுகிறவனை அவர்கள் மனிதனாகவே மதிக்க மாட்டார்களாம். எங்களிலும் அப்படித்தான் என்றேன். சப்பாத்தோடு வீட்டுக்குள் வருகிறவனுக்கு எங்கள் ஆட்கள் தேத்தண்ணீர் கொடுப்பார்கள், ஆனால் அவன் போனபிறகு தரையைக் கழுவுவார்கள் என்றேன். அதைக் கேட்டு அவர் வீதியில் நின்று வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்.

பழக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று சொன்னால் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். வாசலில் இருத்தி, அவன் கையின் மேல் என் கையை வைத்து, ஒரு சப்பாத்து, பிறகு மற்றது, பிறகு இரண்டையும் சேர்த்து வைப்பது. கழற்றுவான், எறிவான். மறுபடியும். காலையில் பஸ்சுக்கு நிற்கும்போது ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வோம்.

"என்ன மாதிரி?"

"இடதைக் கழட்டினவன். வலதோடை கட்டிலிலை ஏறிப்போட்டான்."

"பாதி மனிசன் ஆகிட்டான்!"

ஒருநாள் காலை அவர் வரும்போதே முகம் சந்தோசத்தில் வெளித்திருந்தது. மகன் தானாகக் கழற்றி, தானாக இரண்டையும் சோடியாகச் சேர்த்து, குதிக்கால் ஒட்டும்படி வைத்தானாம். ஒருவரும் சொல்லவில்லையாம். தகப்பனுக்கும் மகனுக்கும் சப்பாத்து ஒரே அளவு. அதனால் தகப்பனுடைய சோடியையும் இழுத்து வந்து தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தானாம். அன்றைக்கு நான் எங்கள் ஆட்களின் கடையொன்றில் சுடச்சுட உளுந்துவடை வாங்கிக் கொடுத்தேன். பஸ் வரும்வரை நாலு பேரும் நின்று தின்றோம். சில மாதம் கழித்து என் மகனும் பழகிவிட்டான். இந்த ஊரில் நான் எதையாவது சாதித்தேன் என்றால் அதைத்தான் சொல்வேன்.

இனி, ஸ்னோ விழுந்த நாளைப் பற்றி எழுத வேண்டும்.

அது இரண்டு குளிர்காலத்துக்கு முந்திய தை மாதம். அதற்கு முந்திய நாட்கள் முழுக்கக் கடும் குளிர். ரோட்டோரத் தண்ணீரெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. அன்று விடியலில் ஸ்னோ கொட்டியது. நான் மகனையும் கொண்டு மூலைக்குப் போனபோது நடைபாதை முழுவதும் வெள்ளை. ஸ்னோவால் கடைகள் திறக்கவில்லை, சனமும் குறைவு. அண்ணை எங்களுக்கு முன்னமே வந்து நின்றார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கலியாண வீட்டுக்கு வந்தவர்போல நின்றார்.

"அகி! வா, வா. மிதிக்காமல் வா. இதைப் பார்!"

குனிந்து காட்டினார். அவர் மகன் நடந்துவந்த தடம். வலது கால் ஆழமாக, முழுதாக விழுந்திருந்தது. இடது கால் விழுமுன் ஒரு கோடு. அந்தக் காலை அவன் கொஞ்சம் இழுத்துத்தான் வைப்பான், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோட்டை நான் அதற்குமுன் கண்டதில்லை. இடது குதிக்காலின் வெளிப்புறம் தேய்ந்திருப்பதையும் அவர் விரலால் தொடாமல் காட்டினார். காலெடுத்து வைத்த ஒரு எட்டுக்கும் மற்ற எட்டுக்கும் இடையில் இருந்த தூரத்தைக் காட்டினார். "நீளம் பாத்தியோ? ஆள் பெரிய மனிசன். ஒட்டகம் மாதிரிப் போறான்."

பிறகு என் மகனின் தடத்தைப் பார்த்தார். குதிக்கால் இல்லாத, வெறும் நுனிக்கால் பள்ளங்கள்.

"இவன் மான். சத்தம் போடாமல் வந்து சத்தம் போடாமல் போவான்."

என்னுடைய தடத்தையும் பார்த்தார். "நீ மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நடக்கிறாய்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே என் தடங்கள் சின்னச் சின்னதாக, சுவரோரமாக இருந்தன.

அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து ரெலிபோன் வந்தது. ஸ்னோ காரணமாக இன்றைக்கு பஸ் இல்லை. வீட்டுக்குத் திரும்ப ஒருவருக்கும் மனமில்லை. கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுப் போவோம் என்றார். பாலத்தின் கீழாகவே அடுத்த மெத்ரோ ஸ்ரேஷனான ஸ்தலின்கிராத் பக்கமாக நடந்தோம்.

அங்கேதான் அவர் மகனின் மணிக்கட்டை விட்டார்.

நான் பார்த்தேன். அவருடைய கை திறந்தது. பயத்தில் என் கை இன்னும் இறுகியது. அவர் அதைக் கவனித்து என் தோளில் தட்டினார்.

"பயப்பிடாதை. இண்டைக்கு நிலம் கதைக்குது. அவன் எங்கை போனாலும் எனக்குச் சொல்லும்."

மகன் முன்னே போனான். கையை வீசிக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு. ஒருவரும் பிடிக்காமல் அவன் நடந்ததை அன்றைக்குத்தான் நான் கண்டேன். அழகாக நடந்தான். ஒரு மூலையில் திரும்பி மறைந்தான். தகப்பன் அவசரப்படவில்லை. ஆடு முன்னே போக, பின்னே பேசிக்கொண்டு வருகிற மேய்ப்பனைப்போல வந்தார். தடத்தைப் பார்த்தபடி, தன் தகப்பன் தனக்குத் தடம் பார்க்கப் பழக்கிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்களும் மூலையில் திரும்பினோம். மகன் கண்ணில் படவில்லை. தடம் இருந்தது. இன்னொரு மூலை. தடம் இருந்தது.

அதற்கு அடுத்தது ஸ்ரேஷன் வாசல்.

ரயில் ஒன்று வந்து சனம் அப்போதுதான் இறங்கியிருந்தது. வேலைக்கு ஓடுகிற சனம். படிகளிலிருந்து வீதிவரைக்கும் வெள்ளை எல்லாம் மண்ணிறச் சேறாகிக் கிடந்தது. அதற்கு மேலே பச்சை உடுப்புப் போட்ட ஒருவர் உப்புத் தூவிக்கொண்டு வந்தார். மணலில் தடம் காற்று வரும்வரை கிடக்குமாம். இந்த ஊர் ஸ்னோ ஒரு ரயில் வரும்வரைதான். அது அண்ணைக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும், இத்தனை வருடமாக அதைச் சேறாகவே பார்த்துப் பழகியவன் நான். ஆனால் அவருடைய சந்தோசத்தில் எனக்கும் அது மறந்துபோயிற்று.

அவர் குந்தி இருந்து தேடினார். இரண்டு கைகளையும் விரித்து, வருகிறவர்களை மறித்தார். "நடக்காதேயுங்கோ! இதிலை நடக்காதேயுங்கோ!" அதை அவர் தன் மொழியில்தான் கத்தினார். ஆனால் அதற்கு மொழி தேவைப்படவில்லை, எனக்கு விளங்கியது. சனத்துக்கு விளங்கவில்லை. பைத்தியம் என்று நினைத்து விலகி விலகி நடந்தார்கள். விலகிய இடத்திலெல்லாம் புதிதாக மிதித்தார்கள்.

நான் பொலிசுக்கு ரெலிபோன் எடுத்தேன். ரெலிபோனை அவரிடம் கொடுத்தேன். அவர்கள் அடையாளம் கேட்டார்கள்.

"இடது கால் இழுபடும்," என்றார் அவர். "குதிக்கால் வெளிப்பக்கம் தேஞ்சிருக்கும். எட்டு நீளம்."

அந்தப் பக்கத்தில் இருந்தவர் திரும்பவும் கேட்டிருக்க வேண்டும். இவர் திரும்பவும் அதையே சொன்னார். தன் மகனைச் சொல்லச் சொன்னால் இதைவிடச் சரியாக எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ரெலிபோனை வாங்கி, நீல நிற ஜக்கெட், சிவப்புத் தொப்பி, உயரமான பொடியன், பேச மாட்டான் என்று சொன்னேன்.

பிறகு நாங்கள் சுற்றிச் சுற்றித் தேடினோம். ஸ்தலின்கிராத் மெத்ரோவுக்கு அப்பால் கனால் என்கிற பெரிய வாய்க்கால் அகலமாகி ஒரு குளம்போல இருக்கும். குளிரில் அந்தப் பக்கம் ஆட்கள் குறைவு. அங்கே போனதும் அவர் திடீரென்று நின்றார். குனிந்தார். பிறகு ஓடினார். கோடு, முழுத் தடம், கோடு, முழுத் தடம். நான் என் மகனை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தடம் கனால் ஓரத்துக்குப் போய் நின்றது. அங்கே சப்பாத்துகள் இருந்தன. இரண்டும் சோடியாக, குதிக்கால் ஒட்டி, ஒழுங்காக.

கனாலில் தண்ணீர் தெரியவில்லை. மேலே மெல்லிய ஐஸ், அதன்மேல் ஸ்னோ. யாரோ வெள்ளை விரித்துவைத்த பெரிய அறைபோல இருந்தது. சுத்தமான அறை. உள்ளே போவதென்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். நாங்கள் பழக்கியதுதானே.

வெள்ளையில், சப்பாத்தில்லாமல் மேசு மட்டும் போட்ட காலின் தடங்கள் கொஞ்சத் தூரம் போயின. அதற்கு அப்பால் வெள்ளை இல்லாத ஒரு இடம் இருந்தது.

மேலும் எழுத முடியவில்லை. தகப்பன் இறங்கப் போனதையும், நான் அவருடைய ஜக்கெட்டை ஒரு கையாலும் என் மகனின் மணிக்கட்டை மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதையும் மட்டும் எழுதுகிறேன். இரண்டு கையும் நழுவவில்லை. பொலிசும் தீயணைப்பு ஆட்களும் வந்தபிறகுதான் விட்டேன். என் மகன் அந்த நேரம் முழுவதும் அந்தச் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாரிஸுக்கு வெளியே பொபினிப் பக்கத்தில் பிள்ளையை அடக்கம் செய்தார்கள். நான் பின்வரிசையில் நின்றேன். அவர்களுடைய தொழுகை எனக்குத் தெரியாது. கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கட்டிப்பிடித்து, அவரைக் கூப்பிடும் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் பெயர்தான். மண்ணுக்குள் வைத்தபிறகும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் "ஓம்" என்பதுபோலத் தலையசைத்தார்.

அடுத்த கிழமை மகனோடு லாச்சப்பல் கடையொன்றில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மிகவும் நல்ல மனிதர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"அண்ணை, அந்த அறபி மனிசன்ரை பொடியன் கனாலுக்கை விழுந்து போயிட்டானாமே?"

"ஓம்."

"பாவம். ஆனா ஒரு விதத்திலை பாத்தால் அந்த மனிசனுக்கு விடுதலை, என்ன? ஆயுசு முழுக்க அதைக் காவிக்கொண்டு..." சொல்லிக்கொண்டே என் மகனைக் கண்டுவிட்டார். "ஐயோ, நான் உங்கடையைச் சொல்லேல்லை அண்ணை! உங்கடை பிள்ளை தங்கமான பிள்ளை. இந்தா தம்பி, பிஸ்கட் சாப்பிடு."

மகன் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டான். நான் முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். காவுகிற சுமையை இறக்கினால் தோள் லேசாகும் என்று கடைக்காரர் நினைத்திருக்கிறார். அண்ணையின் கையை அவர் பார்த்ததில்லை. அந்தக் கை அதற்குப் பிறகும் மூடவில்லை. எந்த நேரமும் ஒரு மணிக்கட்டின் அளவுக்கு விரிந்தபடியே இருந்தது.

வீட்டில் எனக்கு வேறொரு கரைச்சல் தொடங்கியது. மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, வாசலில் இருந்து, சப்பாத்துகளைக் கழற்றிச் சோடியாக வைப்பான். அந்த இரண்டு சப்பாத்தையும் பார்த்தால் எனக்கு அவற்றுக்கு அப்பால் வெள்ளை தெரியும். எங்கள் வீட்டுத் தரை தெரியாது. ஓடிப்போய் உள்ளே மகன் இருக்கிறானா என்று பார்ப்பேன்.

அவன் பார்க்காத நேரத்தில் சப்பாத்துகளைப் பிரித்து, ஒன்றை அங்கேயும் ஒன்றை இங்கேயுமாகப் போடுவேன். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால் இரண்டும் சேர்ந்திருக்கும். மறுபடியும் பிரிப்பேன். மறுபடியும் சேர்ந்திருக்கும். அவன் எழும்பி வந்து வைப்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவனுக்குக் காலடிச் சத்தமே இல்லை.

மனைவி ஒருநாள் கண்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை."

"பிள்ளை ஒழுங்கா வைச்சதை ஏன் குழப்புறியள்? ஒவ்வொரு நாளும் நீங்களோ இப்பிடிச் செய்யிறனீங்கள்?"

"இனிச் சப்பாத்தோடை உள்ளுக்கை வரட்டும்."

"என்ன கதை இது? நீங்கள்தானே கையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பழக்கினீங்கள்."

"அதுதான்."

 அவள் வாசலில் குந்தி, இரண்டையும் எடுத்து, மறுபடியும் சோடியாக வைத்தாள்.

"அவனுக்குத் தெரிஞ்சது இது ஒண்டுதான். அதையும் பறிக்காதேயுங்கோ," என்றாள்.

பறிக்கவில்லை. ஆனால் பயம் போகவில்லை.

அண்ணை இப்போதும் காலையில் அந்த மூலைக்கு வருவார். பஸ் வரும்வரை எங்களோடு நிற்பார். பகிடி குறைந்துவிட்டது. பாலத்தில் ரயில் போகும்போது மட்டும் இருவரும் பேச மாட்டோம். ரயிலின் சத்தத்துக்குக் கீழே, அடித்தொண்டையால் ஒரு ம்... என்ற சத்தம் எனக்குக் கேட்கும். அவருக்கும் கேட்கிறதா என்று நான் கேட்டதில்லை. ரயில் போய் முடிந்தபிறகு அவர் மூச்சு விடுவது தெரியும்.

இந்த வருடம் தை மாதத்தில் மறுபடியும் ஸ்னோ விழுந்தது. பஸ் ஓடும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். மகனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போனேன். பாலத்துக்குக் கிட்ட வந்ததும் என் கால் நின்றுவிட்டது.

ஸ்னோவில் அந்தத் தடம் இருந்தது.

கோடு, முழுத் தடம். கோடு, முழுத் தடம். இடது குதிக்காலின் வெளிப்புறம் தேய்ந்த அடையாளம். எனக்குத் தெரிந்த முகம்போல இருந்தது.  மகனும் நின்றுவிட்டான். குனிந்து அந்தக் கோட்டை முகர்வதுபோலப் பார்த்தான். பிறகு அந்தத் தடத்தோடேயே என்னை இழுத்துக்கொண்டு போனான்.

தூணுக்குப் பின்னால் அண்ணை நின்றார். காலில் மகனின் சப்பாத்துகள். பொலிஸ் திருப்பிக் கொடுத்த அதே சோடி. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே அளவு என்று எழுதியிருந்தேன்.

அவர் என்னைக் கண்டு வெட்கப்பட்டார். அவர் வெட்கப்பட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

"அகி, நல்ல நேரம் வந்தாய். இதைப் பார். கன தரம் நடந்து பாத்திட்டன். இது அவன்ரைதானோ? எனக்குத் தெரியேல்லை." குனிந்து காலில் இருந்த சப்பாத்துகளைப் பார்த்தார். "எனக்கு மறந்துபோச்சு. தகப்பனுக்கு மறந்துபோச்சு. வேறை ஒருத்தருக்கும் காட்டேல்லை நான். உனக்குத்தான் காட்டினனான்."

ஓம், அவன்ரைதான் என்று சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். வாயில் அப்படித்தான் வந்தது. ஆனால் அவர் கேட்டது ஆறுதல் இல்லை. அந்தத் தடத்தை இந்த ஊரில் வாசிக்கத் தெரிந்த மற்ற ஆள் நான்தான். நான் பொய் சொன்னால் அது முழுதாக அழிந்துவிடும்.

குனிந்து பார்த்தேன். கோடு சரி. குதிக்கால் சரி. ஆனால் ஒரு எட்டுக்கும் மற்ற எட்டுக்கும் இடையில் இருந்த தூரம், துக்கப்பட்ட ஒரு வயதான மனிதனுடையது.

"அண்ணை," என்றேன். "எட்டைக் கொஞ்சம் நீட்டி வையுங்கோ. அவன் பெரிய மனிசன் மாதிரிப் போவான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு மிதிபடாத பக்கமாகத் திரும்பி, கைகளை வீசிக்கொண்டு, இடது காலை இழுத்துக்கொண்டு, நீள நீளமாக நடந்தார்.  கொஞ்சத் தூரம் போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சொல்லு, அகி. ஆர் போயிருக்கிறது?"

நான் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னேன்.

அவர் திரும்பி வந்து, பக்கவாட்டாக நின்று, அந்தத் தடத்தை நெடுநேரம் பார்த்தார்.

மேலே ரயில் வந்து நின்றது. படிகளில் சனம் இறங்கும் சத்தம் கேட்டது. வேலைக்கு ஓடுகிற சனம். நான் மகனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தடத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு கை மகனின் மணிக்கட்டில் இருந்தது. மற்றக் கையை விரித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"இதாலை வராதேயுங்கோ! அங்காலை போங்கோ! ஆள் ஒண்டு போயிருக்குது!"

பிரெஞ்சு வரவில்லை. தமிழில்தான் வந்தது. சனம் விலகி, அடுத்த பக்கத்தால் போனது. பஸ் வந்து கோர்ன் அடிக்கும்வரை அப்படியே நின்றேன். என் கையெழுத்தைப்போல என் குரலும் கோணல்தான். ஆனால் அன்றைக்கு அது கேட்டது.

அந்த ஸ்னோ மத்தியானத்துக்குள் கரைந்துவிட்டது. கரைந்த பிறகும் அந்த இடத்தை நான் மிதிப்பதில்லை. மகனும் சுற்றித்தான் நடக்கிறான். இதை எழுதிமுடிக்கும்போது வாசலில் அவனுடைய சப்பாத்துகள் சோடியாக இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன். இருக்கிறான்.

மாசி மாதம் 11ஆம் திகதி, புதன்கிழமை.